பொதுச்செவி

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குத் தமிழ்ச் சங்கம் என்பது வெறும் கட்டடம் அன்று. ஊரில் வீட்டுத் திண்ணையும் கோயில் மண்டபமும் தேநீர்க்கடைப் பெஞ்சும் செய்துவந்த பணிகளை எல்லாம் இங்கே அஃது ஒன்றே செய்கின்றது. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமா, கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் முதியவருக்கு வழித்துணை வேண்டுமா, வாடகைக்கு வீடு வேண்டுமா, சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை எழுதிக் குத்திவைத்தால் போதும். எல்லார்க்கும் உரிய அப்பலகையை எவ்வாறு பயன்படுத்துவது என்பது மிகச் சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் அஃது ஓர் அறவினாவே என்பதை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

ஆண்டுகள் பல ஆயின. வடநாட்டு நகர் ஒன்றில் நாம் வாழ்ந்திருந்த காலம். கட்டட வேலைக்கு வந்திருந்த தமிழ் இளைஞர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு இரத்தம் தேவைப்பட்டது. உடன் வேலை செய்த நண்பரோ இந்தி அறியாதவர். அந்நகரில் அவருக்குத் தெரிந்த ஒரே கதவு சங்கத்தின் கதவு. இரத்த வகையையும் மருத்துவமனையின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பலகையில் குத்திவிட்டுச் சென்றார். அன்று மாலையே அதன்மேல் புடவை விற்பனை அறிவிப்பொன்று ஏறியது. பக்கத்தில், ஆண்டு விழாக் கணக்கைக் குறித்து உறுப்பினர் இருவர் மாறி மாறி எழுதிய மறுப்புகளும் மறுப்புக்கு மறுப்புகளும் தொங்கின. நாமும் இருமுறை அவ்வழியே சென்றோம், நின்று படிக்கவில்லை. மூன்றாம் நாள் தற்செயலாக அத்தாளைக் கண்டபோதுதான், அவருக்கு வேண்டியது நம் இரத்த வகையே என்பதை அறிந்தோம். அதற்குள், அடுத்த கட்டிலில் இருந்தவரின் உறவினர், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர், இரத்தம் கொடுத்திருந்தார். இளைஞர் பிழைத்தார், நாம் நாணினோம்.

இதில் பிழை செய்தவர் யார்? புடவை விற்றவர் குடும்பத்தைக் காக்க விற்றார். கணக்குக் கேட்டவருக்குக் கேட்கும் உரிமை இருந்தது. தனித்தனியே நோக்கினால் எவர் செயலும் குற்றமன்று. ஆயினும் குற்றமற்ற செயல்கள் பல கூடி ஒரு தீங்கை விளைத்தன. பலகையில் இருப்பவை பெரும்பாலும் நமக்கு வேண்டாதவை என்ற எண்ணம் மெல்ல மெல்ல எல்லார் உள்ளத்திலும் படிந்துவிட்டது. படிக்கும் பழக்கம் அழிந்தபின் பலகை இருந்தும் இல்லாததே ஆயிற்று.

நம் சிற்றூர்களில் ஊருணியை மக்கள் எவ்வாறு காத்தனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அது குடிநீருக்கு உரியது. அதில் கால் கழுவுதல் ஆகாது. ஒருவர் கால் கழுவினால் நீர் கெட்டுவிடாது. ஒவ்வொருவரும் அவ்வாறு எண்ணினால் கெட்டுவிடும். சங்கத்தில் நாம் பொதுவாக வைத்திருப்பது பலகையோ தாளோ அன்று. ஒருவர் சொல்லுக்கு மற்றவர் தரும் செவி. அதுவே நம் ஊருணி.

அவ்வாறாயின் வாய்மூடி இருப்பதுதான் பண்போ என்று சிலர் வினவலாம். அன்று. வள்ளுவர் பயனில சொல்லாமையை அறத்துப்பாலில் வைத்தார். அவையறிதலைப் பொருட்பாலில் வைத்து, அதனை அடுத்தே அவையஞ்சாமையையும் வைத்தார். அவையின் இயல்பை அறிந்தவன் அஞ்சி ஒடுங்குதலும் ஆகாது என்பது அவ்வைப்புமுறையால் நாம் கொள்ளும் கருத்து. திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் கி.பி. 800 ஆம் ஆண்டை ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் மறுப்புக் கூறித் தடை செய்வோருக்கும் அவர்க்குத் துணை நிற்போருக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கின்றது. எதிர்த்துப் பேசுதல் அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. எதிர்ப்பதையே தொழிலாகக் கொண்டு பிறர் காலத்தை அழித்தலே குற்றமாயிற்று.

இன்று பலகையின் பணியைக் கைபேசி பெரிதும் ஏற்றுக்கொண்டது. ஒரு விரல் அசைவில் நூறு இல்லங்களுக்குச் செய்தி செல்கின்றது. எளிமை மிகுந்தமையால் பொறுப்பும் மிகுந்துள்ளது. அனுப்புமுன், இஃது எல்லார்க்கும் உரியதா, ஒருவருக்கு மட்டும் உரியதா என்று எண்ணுதல் வேண்டும். ஒருவருடைய பிழையை அவரிடம் தனியே கூறுதல் திருத்தம். எல்லார் முன்னும் கூறுதல் பெரும்பாலும் தண்டனையே. சினத்தில் எழுதியதை ஓர் இரவு கடந்தபின் மீண்டும் படித்தல் நன்று. நம்மை நம்பித் தந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உரியவரைக் கேளாமல் பிறருக்குத் தருதல் தகாது.

இவையெல்லாம் நாகரிகம் கருதி மட்டும் கூறப்படுவன அல்ல. நேற்று வந்து சேர்ந்தவர், மொழி அறியாதவர், உரத்துப் பேசத் தெரியாதவர் ஆகியோரின் ஒரு சொல் நம் செவியை அடைய வழி விடுதலே இவற்றின் நோக்கம். அந்நிகழ்ச்சிக்குப் பின் நாம் மேற்கொண்ட பழக்கம் மிகச் சிறியது. பலகையைக் கடக்குந்தோறும் ஒரு கணம் நின்று படிக்கின்றோம். நாம் வைத்த தாளின் நாள் கடந்துவிட்டால் அதனை நாமே கழற்றி விடுகின்றோம்.