மேளக்காரருக்கு முதல் கூலி

ஜனவரி 15, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாள். கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்பில் உள்ள அவரது மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். மேளம் இல்லாமல் அந்த நாள் நிறைவதில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அப்புறம்? புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாணம்கூடக் கிடையாது. விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டக் கூலிக்குப் போனால்தான் பல கலைஞர் வீடுகளில் அடுப்பு எரியும்.

இந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்துதான் பாவலர் வரதராசன் தம்பிகளோடு ஊர் ஊராய்ப் போய்க் கட்சி மேடைகளில் பாடினார். தம்பி இளையராஜா 1976-இல் ‘அன்னக்கிளி’யில் வென்றார். அந்த ஒருவரைக் காட்டி மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொல்வது அநியாயம்.

2012-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் திரைப்பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டியைக் காத்தது, நல்ல காரியம். ஆனால் உருமிக்காரரின் அடியைக் கைப்பேசியில் பிடித்து ஊரே பார்க்கிறது, அவர் கைக்கு ஒரு ரூபாய் வருவதில்லை. குறைந்தபட்சம் விழாக் குழுவினர் பேசிய தொகையை அன்றிரவே எண்ணிக் கொடுக்கட்டும், பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கொடுப்பதற்கு முன்னால்.