பிறவிக் குணமும் புழுவின் பாடமும்

'நாய் வாலை நிமிர்த்த முடியுமா?' என்று கேட்பது மக்கள் வழக்கு. ஒருவனிடம் குறை ஒன்றைக் கண்டவுடன், 'அது பிறவிக் குணம்' என்று கூறி, அவனைத் திருத்தும் முயற்சியைக் கைவிடுதல் உலகியல்பாகிவிட்டது. முன்னோர் இதனை விதி என்றனர். இக்காலத்தார் மரபணு என்கின்றனர். பெயர் மாறியதேயன்றி முடிவு மாறவில்லை. பிறப்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுமானால் அறநூல்கள் எதற்கு? ஆசிரியர்தாம் எதற்கு? தீமை செய்தவனை இடித்துரைப்பதிலும் நன்மை செய்தவனைப் போற்றுவதிலும் பொருள் உண்டா? இக்கேள்விக்கு விடை காண முனைவோர், மரபியல் அறிஞர் ஒருவர் சிறு புழுவைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியை அறிந்துகொள்ளுதல் நலம்.

அவ்வறிஞர் சிட்னி பிரென்னர். 1927ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆய்வு செய்தவர். 2002ஆம் ஆண்டு நோபெல் பரிசை இருவருடன் பகிர்ந்து பெற்றவர். சிங்கப்பூரில் உயிரியல் ஆராய்ச்சி வேரூன்றத் துணைநின்று, 2003ஆம் ஆண்டு அந்நாட்டின் கௌரவக் குடிமகன் ஆனவர். 2019ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார்.

நரம்பு மண்டலத்தை மரபணுக்கள் எவ்வாறு அமைக்கின்றன என்பதை அறிய விரும்பிய பிரென்னர், சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவைத் தேர்ந்தெடுத்தார். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், உடல் கண்ணாடி போன்றது, உணவு நுண்ணுயிர்கள். ஒரே புழு துணையின்றி இனம் பெருக்கும் இயல்புடையது. ஆதலின் அதன் வழிவந்தவை பெரும்பாலும் ஒத்த மரபணுக்களையே கொண்டிருக்கும்.

வேதிப்பொருள் ஒன்றினால் மரபணுக்களில் மாற்றம் விளைவித்து, அவற்றால் பிறழ்ந்த புழுக்களை அவர் பிரித்தெடுத்தார். 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஏறத்தாழ 100 மரபணுக்களை அடையாளம் காட்டினார். அவற்றுள் 77 மரபணுக்கள் புழுவின் அசைவைப் பாதிப்பவை. நெளிந்து செல்ல வேண்டிய புழு சுருண்டு கிடந்தது. அல்லது அசைவற்றுப் போயிற்று. இயங்குவது எவ்வாறு இயங்குகிறது என்பதை, இயங்காததைக் கண்டு அறியும் முறை இது.

நரம்பணுக்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி சொல்லும் நரம்பணு, வேதிப்பொருளைச் சிறு பைகளில் நிரப்பி வைத்திருக்கும். உரிய வேளையில் அப்பைகள் அணுவின் ஓரத்தோடு இணைந்து திறக்கும். வேதிப்பொருள் இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவை எட்டும். அன்க்-13 என்னும் மரபணு பழுதுற்ற புழுவில் பைகள் இருக்கின்றன. அவை திறப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு காட்டினர். எழுதிய மடல்கள் அஞ்சலகத்தின் வாயிலில் குவிந்து கிடக்க, அனுப்புவார் இல்லாமற் போனது போன்ற நிலை அது.

இது புழுவின் கதை மட்டும் அன்று. இம்மரபணுக்களுக்கு உறவானவை மனிதரிடத்தும் உள்ளன. அன்க்-18 என்பதற்கு இணையான மனித மரபணு பழுதுற்றால் பச்சிளங்குழந்தைக்குக் கடுமையான வலிப்பு நோய் வரக்கூடும் என்று 2008ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அக்குழந்தையின் நோய்க்கு யாருடைய ஒழுக்கக் குறைவும் காரணமன்று. பெற்றோர் செய்த பாவமும் காரணமன்று. பிறப்பின் வலிமையை இங்கே மறுப்பவர், துன்புறுவோரையே குற்றவாளியாக்கும் கொடுமைக்கு ஆளாவர். மரபியல் கற்பிக்கும் முதல் அறம் இரக்கமே எனலாம்.

அவ்வாறாயின், பிறப்பே எல்லாம் என்ற முடிவுக்கு வந்துவிடலாமா? அதற்கும் அப்புழுவே மறுமொழி கூறுகிறது.

பிரென்னரும் அவர்தம் கூட்டாளிகளும் புழுவின் உடலை மெல்லிய சீவல்களாக்கி, மின்னணு நுண்ணோக்கியால் படமெடுத்து, 302 நரம்பணுக்களுக்கும் இடையே உள்ள தொடர்புகளை வரைந்தனர். ஏறத்தாழ 5,000 வேதி இணைப்புகளைக் காட்டும் அவ்வரைபடம் 1986ஆம் ஆண்டு வெளிவந்தது. ஓர் உயிரின் நரம்பு மண்டலம் முழுவதையும் மனிதன் வரைந்து பார்த்தது அதுவே முதன்முறை. ஆயினும் வரைபடம் மட்டுமே புழுவின் வாழ்வை விளக்கிவிடவில்லை. செரட்டோனின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தபோது, புழு ஊர்வதைக் குறைத்து முட்டையிடுவதை மிகுத்தது என்பது 1982ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தது. பாதை ஒன்றாயினும் பயணம் ஒன்றன்று.

இதனினும் வியப்பானது புழுவின் கல்வி. அது வாழும் தட்டை இலேசாகத் தட்டினால் புழு பின்வாங்கும். மீண்டும் மீண்டும் தட்டினால், தீங்கில்லை என்று பழகிக்கொண்டதைப் போல, பின்வாங்குதல் குறையும். இடைவெளி விட்டுப் பயிற்றினால் அப்பழக்கம் ஒருநாள் வரையிலும் நிற்கும் என்று 1990ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நோய் தரும் நுண்ணுயிரை உண்டு துன்புற்ற புழு, பின்னர் அதன் மணத்தை விலக்கி நகரும் என்று 2005ஆம் ஆண்டு தெரியவந்தது. உண்ட புழுவும் உண்ணாத புழுவும் ஒரே மரபின. வேறுபாடு பிறப்பில் இல்லை, பட்டறிவில் இருக்கிறது.

'கற்கும் ஆற்றலும் மரபணு தந்ததுதானே? புழுவுக்கு ஏது விடுதலை?' என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. புழு நன்மை தீமை அறிந்து நடப்பது என்று எவரும் கூறார். ஆயினும் மரபணு அதற்கு அளித்தது எழுதி முடித்த தீர்ப்பன்று. மாறுவதற்கு உரிய ஆற்றல் என்பது இங்குத் தெளிவாகிறது. 302 நரம்பணுக்கள் உடைய உயிரே நேற்றைய துன்பத்திலிருந்து இன்று பாடம் பெறுமாயின், ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உடைய மனிதனை 'இவன் மாறமாட்டான்' என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகுமா?

ஆகவே, இரண்டு பிழைகளிலிருந்து விலகி நிற்றல் வேண்டும். இயலாதவனை 'முயலாதவன்' என்று பழித்தல் ஒன்று. முயலக்கூடியவனை 'இயலாதவன்' என்று கைவிடுதல் மற்றொன்று. முன்னது இரக்கமின்மை, பின்னது பொறுப்பின்மை. ஒரு மாணவனின் குறை இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது என்பதை ஆராய்ந்த பின்னரே ஆசிரியர் முடிவு கூற வேண்டும். ஆராயாமல் சொல்லப்படும் 'பிறவிக் குணம்' என்னும் சொல், மாணவனைப் பற்றிய அறிவன்று, சொல்பவரின் சோர்வு.

பிரென்னரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாத செருப்புத் தைக்கும் தொழிலாளி. மேசை விரிப்பாகப் பயன்பட்ட செய்தித்தாள்களைக் கொண்டு, அண்டையில் வாழ்ந்த அம்மையார் ஒருவர் சிறுவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். குலத்தையும் பிறப்பையும் எண்ணி அந்த அம்மையார் வாளாவிருந்திருப்பாரானால், மரபணுவின் வலிமையை உலகுக்குக் காட்டிய அறிஞர் ஒருவர் தோன்றாமலே போயிருக்கலாம். அறிவு ஆற்றல் பிறப்பில் வந்திருக்கலாம்; எழுத்து கொடுத்தால்தான் வரும். கொடுப்பவர் கடமை அங்கே தொடங்குகிறது.