தலைக்கணக்கில் வராதவன்



இயேசு புல்வெளியில் கூட்டத்துக்கு உணவளித்ததைச் சொல்லும்போது, மத்தேயு நற்செய்தியில் இன்று நமக்குச் சரியான கணக்கு தருகிறார். அப்பம் 5, மீன் 2, மிஞ்சியது 12 கூடை, உண்ட ஆண்கள் ஏறக்குறைய 5,000 பேர். கூடைக்குக்கூட எண்ணிக்கை இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் இல்லை. அவர்களைச் சேர்க்கவில்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்.

ஆங்கிலத்தில் 'கவுண்ட்' என்று ஒரு சொல். நம் பிள்ளைகள் ஒன்று, இரண்டு எண்ணுவதற்கு அதைப் படிக்கிறார்கள். ஆங்கிலேயர் பேச்சில் அதற்கு வேலை அதிகம். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்று சொல்ல அதே சொல். ஆஃப்சைடில் அடித்த கோல் செல்லாது என்பதற்கும் அதே சொல். ஒருவனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றாலும் அதுதான். நாம் மட்டும் என்ன? பந்தியில் இலை போடும்போது, "அவனையெல்லாம் யார் கணக்கில் சேர்த்தது?" என்று கேட்கிற வீடுகள் நம் பங்கிலும் உண்டு.

செபமாலை மணியை ஆங்கிலேயர் 'பீட்' என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அது மணியைக் குறித்த சொல்லே அல்ல, மன்றாட்டைக் குறித்தது. செபங்களை மணிகளில் எண்ணி எண்ணி, செபத்தின் பெயர் மணிக்கு ஒட்டிக்கொண்டது. 'டெல்' என்ற சொல்லுக்கும் முன்பு எண்ணுவது என்று பொருள் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை 'டெல்லர்' என்பது அந்தப் பழக்கத்தில்தான். நம்மிடமோ மணி மணியாகவே இருக்கிறது. 53 முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிறோம். எண்ணிக்கையை விரல் பார்த்துக்கொள்கிறது, மனம் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விடுகிறது. சாமியாருக்குப் பால் இல்லை, பங்குக் கணக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழில் எண் என்றால் இலக்கம், எண்ணம் என்றால் நினைவு. லூக்கா சொல்லும் ஆயனுக்கு 100-இல் 1 குறைந்தது தெரிந்துவிட்டது. தலைகளை எண்ணித் தெரிந்துகொண்டானா, அந்த ஆட்டை எண்ணித் தெரிந்துகொண்டானா? 99 இருக்கிறதே, போதாதா என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் அந்தப் புல்வெளிக்கு வருவோம். இதே நிகழ்ச்சியை யோவானும் எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் போய் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்த 5 வாற்கோதுமை அப்பமும் 2 மீனும் யாரிடம் இருந்தன? ஒரு சிறுவனிடம். மத்தேயுவின் 5,000-இல் அவன் இல்லை.