பண்டிகைக்கு ஓர் அபராதம்

கிறிஸ்துமஸ் இரவுக்குள் வீட்டில் பியர் வடித்து வைக்காத குடியானவர் ஆயருக்கு மூன்று மார்க் அபராதம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகள் வடிக்காமலே இருந்து அது நிரூபணமானால் சொத்து முழுவதும் பறிபோகும். பாதி அரசருக்கு, பாதி ஆயருக்கு. அதற்குப் பிறகும் பாவ அறிக்கை செய்து பரிகாரம் தேட மறுத்தால் நாட்டை விட்டே போக வேண்டியதுதான். குடிகாரர்கள் பொழுதுபோகாமல் கட்டிய கதையல்ல இது. நார்வேயின் மேற்குக் கடலோரத்தில் செல்லுபடியாக இருந்த குலத்திங் சட்டத்தில், திருச்சபை பற்றிய பகுதியில் உள்ள விதி. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட பிரதி நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. விதிகள் அதைவிடப் பழையவை. 1274இல் அரசர் மாக்னுஸ் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தபோதுதான் இந்தப் பழைய வட்டாரச் சட்டங்கள் வழக்கொழிந்தன. வடித்த பியரைப் புனித இரவில் ஆசீர்வதித்து, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நன்றியாக, நல்ல விளைச்சலும் அமைதியும் வேண்டி அருந்த வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. படித்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மகிழ்ந்தே ஆக வேண்டும் என்று ஒருவருக்கு ஆணையிட முடியுமா? ஆணைக்குப் பணிந்து வரும் மகிழ்ச்சி மகிழ்ச்சிதானா?

முடியாது என்பதே உடனே தோன்றும் பதில். 1785இல் வெளியான தன் அறநெறி நூலில் தத்துவஞானி கான்ட் அன்பைப் பற்றி இதைத்தான் சொன்னார்: உணர்ச்சியாகிய அன்பைக் கட்டளையிட முடியாது, செயலாகிய அன்பை மட்டுமே கடமையாக்க முடியும். மகிழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்றால் குலத்திங் விதி அபத்தமாகிவிடும். ஆனால் அப்படி ஆணையிட்டது நார்வேக்காரர்கள் மட்டுமல்ல. விவிலியத்தின் உபாகமம் 16ஆம் அதிகாரம் கூடாரப் பண்டிகையில் மகிழ்ந்திருக்கும்படி நேரடியாகவே கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளை ஒருவரோடு நின்றுவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அந்நியன், தகப்பன் இல்லாத பிள்ளை, விதவை என்று பட்டியல் நீள்கிறது. மனதுக்குள் என்ன ஓட வேண்டும் என்பதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பந்தியில் யார் யார் இருக்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு எழுதிய விளக்கம் கடுமையானது. ஏழைகளுக்குக் கொடுக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு தானும் தன் குடும்பமும் மட்டும் உண்டு குடிப்பவனுடைய மகிழ்ச்சி வயிற்றின் மகிழ்ச்சி, அவ்வளவே என்கிறார். ஆக, பண்டிகையின் கட்டளை உணர்ச்சியின் மீது விழுவதே இல்லை. அது முன்கூட்டிச் செய்ய வேண்டிய வேலையின் மீதும், அந்த வேலையின் பலன் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதன் மீதும் விழுகிறது.

குலத்திங் விதியை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது கேட்பது ஒன்றே ஒன்று: நாள் வருவதற்குள் பியர் தயாராக இருக்க வேண்டும். ‘நாள் வருவதற்குள்’ என்பது பியர் விஷயத்தில் லேசான காரியமல்ல. பாலைக் கறந்து உடனே குடிக்கலாம். பழத்தைப் பறித்து உடனே தின்னலாம். பார்லி அப்படி மசியாது. நார்வேயின் பண்ணைகளில் பார்லியை மூட்டையோடு ஓடையில் ஊறப்போட்டு, பரப்பி முளைகட்டி, முளை அளவுக்கு மேல் போய்விடாமல் பார்த்து உலர்த்தி, பிறகு அரைத்தார்கள். இதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஜூனிபர் கிளைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த நீரை அந்த மாவில் ஊற்றி, ஊறவைத்து, ஜூனிபர் கிளைகளையே வடிதட்டாகத் தொட்டியின் அடியில் பரப்பிச் சாற்றை இறக்குவார்கள். சாறு இளஞ்சூட்டுக்கு வந்ததும் ஈஸ்ட் சேர வேண்டும். அது கடைச்சரக்கல்ல; சென்ற முறை வடித்தபோது எடுத்து மரவளையத்தில் பூசி உலர்த்தித் தொங்கவிட்ட குடும்ப ஈஸ்ட். வோஸ், ஹோர்னிண்டால் போன்ற ஊர்களில் இன்றும் ‘க்வைக்’ என்ற பெயரில் அது புழங்குகிறது. உறை மோர் மாதிரி, தன்னிடம் இருந்தது கெட்டுப்போனால் அண்டை வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். டிசம்பர் 21, தோமையார் திருநாளுக்குள் வடிப்பு முடிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் அந்த அப்போஸ்தலருக்கே அங்கே ‘வடிப்புக்காரத் தோமா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அன்றைக்கு வீடு வீடாகப் போய், யார் வீட்டுப் பியர் எப்படி வந்திருக்கிறது என்று ருசி பார்ப்பது வழக்கம்.

மாதத் தொடக்கத்திலேயே தானியத்தை நனைத்தவருக்குப் பண்டிகை அப்போதே தொடங்கிவிடுகிறது. திருச்சபை திருவருகைக் காலம் என்று சொல்லி மனதைத் தயார்ப்படுத்தக் கேட்டதை, பண்ணை தன் கையால் செய்தது. என்னைக் கேட்டால், வெறுமனே காத்திருப்பதைவிட இது நேர்மையானது. காத்திருக்கிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பார்லி முளைவிட்டதா இல்லையா என்பதில் பாசாங்குக்கு இடமில்லை. இன்னொன்று: தயாராக இத்தனை நாள் பிடிக்கும் இந்தப் பானம் வெகுநாள் நிற்பதில்லை. பல இடங்களில் சாற்றைக் கொதிக்கவைக்காமல் செய்யும் இந்தப் பண்ணைப் பியர் புதிதாக இருக்கும்போதுதான் ருசி. பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்க ஏற்ற பொருளல்ல. ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி, 10ஆம் நூற்றாண்டின் நார்வே அரசர் ஆகோன் பழைய குளிர்காலப் பண்டிகையான யூலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றியதைச் சொல்லும்போது ஒரு தகவல் தருகிறார். ஒவ்வொருவரும் ஓர் அளவு மால்ட்டுக்கு, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்துக்கு, பியர் வடிக்க வேண்டும், அந்தப் பியர் தீரும்வரை விடுமுறை ஆசரிக்க வேண்டும் என்று அரசர் விதித்தாராம். திருநாளின் நீளத்தைப் பஞ்சாங்கம் சொல்லவில்லை, தொட்டி சொன்னது.

அப்படியானால் இது பழைய யூல் வழிபாட்டுக்குக் கிறிஸ்தவச் சட்டை மாட்டிவிட்டதுதானே என்று கேட்கலாம். ஆமாம், பெருமளவுக்கு அதுதான். விளைச்சலுக்கும் அமைதிக்கும் வேண்டிக் கோப்பை ஏந்துவது கிறிஸ்தவத்துக்கு முந்திய வழக்கம், பெயர்கள்தான் மாறின. ஆனால் பழையதிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு செயல் பொய்யாகிவிடாது. திருச்சபையும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் உள்ளே விடவில்லை. 1241இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி நார்வேயின் நிதாரோஸ் பேராயர் சிகுர்துக்கு எழுதிய கடிதம் இதற்குச் சாட்சி. நீர் கிடைக்காததால் சில குழந்தைகளுக்குப் பியரில் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பேராயர் தெரிவித்திருந்தார். அது செல்லாது, நீராலும் ஆவியாலுமே மறுபிறப்பு என்று உரோமையிலிருந்து பதில் வந்தது. நீரில்லாமல் பியர் ஏது என்று குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றும், அது இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்குப் பியர் கட்டாயம், திருமுழுக்குக்குப் பியர் கூடாது. இதில் முரண் இல்லை. திருமுழுக்கு மனிதர் சமைத்துக் கொடுக்க முடியாத கொடை. அதற்கு யாரும் தயாரிக்காத நீரே பொருத்தம். பண்டிகை, பெற்ற கொடைக்கு மனிதர் தரும் மறுமொழி. மறுமொழியில் கை உழைப்பு கலந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான எதிர்ப்பு அபராதத்தைப் பற்றியது. மூன்று மார்க் ஆயரின் பைக்குப் போகிறது என்றால் பக்தியை எங்கே தேடுவது? இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. அபராதத்தில் பங்குள்ளவரே விதியின் காவலராக இருப்பது எந்தக் காலத்திலும் நல்லதல்ல. பியருக்காக ஒருவரை நாடு கடத்துவது கொடுமை. ஆனால் விதியின் அமைப்பில் வசூலுக்கு ஒத்துவராத சில சங்கதிகள் உண்டு. ஆறு பசுவுக்குக் குறைவாக வைத்துப் பிழைப்பவருக்குக் கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் வடிக்கலாம். இலையுதிர் காலத்தில், அனைத்துப் புனிதர் திருநாளை ஒட்டி வடிக்கும் பியரைக் குறைந்தது மூன்று குடியானவர்களாவது ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்து அருந்த வேண்டும். வெறும் வசூல்தான் நோக்கம் என்றால் தனித்தனியாகக் குடித்தால் என்ன, கூடிக் குடித்தால் என்ன? மேலும், விதியின் வாசகம் மேலிருந்து வரும் ஆணையாக இல்லாமல், இப்படிச் செய்வதாக நாங்கள் வாக்களித்திருக்கிறோம் என்ற தொனியில் அமைந்திருக்கிறது. ஊர் கூடித் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு அது. வசதி உள்ளவர், வேலை இருக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்று ஒதுங்கிவிடாமல் இருப்பதற்கான கட்டு. திருவிழா வரிக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த மனநிலை புதிதல்ல.

மதுவைப் பற்றிய எதிர்ப்பும் இருக்கிறது, தமிழ் வாசகர் முதலில் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் வீட்டில் வடிப்பது சட்டப்படி குற்றம்; குடி எத்தனை வீடுகளைத் தின்றிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்களிடம் பியரின் ஆன்மிகம் பேசினால் எரிச்சல்தான் வரும். கிறிஸ்தவத்துக்குள்ளேயே இந்த எரிச்சலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி சீகன்பால்குவை அனுப்பிய நான்காம் பிரெடரிக் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்தே அரசர். சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரத்துப் பக்திமரபு கேளிக்கையைச் சந்தேகத்தோடு பார்த்த மரபு. அதன் சாயல் பின்னர் நார்வேயின் பண்ணைகளுக்கும் பரவியது. அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு கோப்பை யாருக்கு நஞ்சோ, அவர் இருக்கும் பந்தியில் அதை வைப்பது பண்டிகையின் நோக்கத்தையே கெடுக்கும். ஆனால் என் வாதம் சாராயச் சத்தின் மீது நிற்கவில்லை. நாள் பிடிக்கும், கெட்டுவிடக்கூடும், பங்கிட்டே தீர வேண்டும் என்ற மூன்று குணமும் உள்ள எந்தப் பண்டத்துக்கும் இது பொருந்தும். அந்தக் குளிர்நாட்டில், திராட்சை விளையாத மண்ணில், அந்தக் குணங்கள் பார்லியில் கூடி அமைந்தன.

இன்று நார்வேயில் கிறிஸ்துமஸ் பியர் கடையில் கிடைக்கிறது. நேரமில்லாதவர் வாங்கிக் குடிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கியவருக்கு டிசம்பர் 24 வரை செய்ய எதுவும் இருக்கவில்லை. அன்றைய இரவு அவரிடம் மகிழ்ச்சியை மட்டும்தான் கேட்கிறது, அது கேட்டு வருவதில்லை. ஒருவேளை, தனியாக ஓர் அறையில் வாளியும் மால்ட்டும் வைத்துக்கொண்டு நவம்பரிலேயே வடிக்கத் தொடங்கும் இன்றைய பொழுதுபோக்குக்காரரும் அதே நிலையில்தான் இருக்கிறார், பங்கிட ஆளில்லையே என்று சொல்லலாம். பழைய விதி அவரையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. எட்டாத தீவிலோ மலைமேலோ குடியிருந்து, தன் பியரை மற்றவர்களோடு சேர்க்க வழியில்லாத குடியானவருக்கு அது விலக்கு அளிக்கவில்லை. அவரும் தன் பங்கைத் தன் வீட்டிலேயே வடித்தாக வேண்டும் என்கிறது.