வெற்றியும் தோல்வியும்

விம்பிள்டன் புல்தரை டென்னிஸில் தாம் விரும்பும் ஆட்டக்காரர் தோற்றால் உணவு இறங்குவதில்லை. இஃது அன்போ, பற்றோ என வண்டிப்பெரியாற்றுத் தோட்டத்து அன்பர் ஒருவர் நம்மை வினவினார்.

கோசல மன்னன் பசேனதியும் அஜாதசத்துருவிடம் தோற்று உண்ணாது கிடந்தான். அதுகேட்ட பகவர், வெற்றி தோல்வி இரண்டையும் துறந்தவனுக்கே அமைதி உண்டென உணர்த்தினார்.

நம்மவராகிய இராமநாதன் கிருஷ்ணன் அரையிறுதியில் 1960-இல் பிரேசரிடமும், 1961-இல் லேவரிடமும் தோற்றார். அவ்விருவருமே அவ்வவ்வாண்டில் பட்டம் வென்றனர். தோற்றவர் வலையருகே சென்று வென்றவர் கைபற்றுதல் அவ்வாட்டத்தின் மரபு. ஆடியவரே அங்கு இறக்கி வைக்கும் தோல்வியைப் பார்த்தவர் சுமப்பானேன்? "நம்மவர்" என்னும் சொல்லுள் "நான்" ஒளிந்திருத்தலாலன்றோ?

பிறர் ஆக்கங்கண்டு மகிழ்தல் முதிதை. அம்மகிழ்ச்சி வலைக்கு அப்பாலுள்ளவரிடத்தும் செல்லுமாயின் அன்பு; செல்லாதாயின் பற்றே.