தேவை எது, வீண்விரயம் எது?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் பூமியில் நம் பாட்டன்மார் காலத்து அடுப்பில் கம்பும் சோளமும்தான் கொதித்தன. நெல்லுச்சோறு பெருநாளைக்கும் விருந்தாளிக்கும். இன்றோ தினமும் அரிசிச் சோறுதான். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. (குதிரைவாலிதான் இப்போது பணக்காரப் பண்டமாகிவிட்டது!) நேற்றைய ஆடம்பரம் இன்று தேவையாகிவிடுமானால், மார்க்கம் தடுத்த வீண்விரயத்துக்கு நிலையான அளவுகோல் உண்டா?

மத்திய அரசின் குடும்பச் செலவு ஆய்வின்படி, 1999-2000-ல் இந்தியக் கிராமங்களில் வீட்டுச் செலவில் நூற்றுக்கு 59 ரூபாய் சாப்பாட்டுக்குப் போயிற்று. 2022-23-ல் 46 ரூபாய்தான். வருமானம் ஏற ஏற உணவின் பங்கு குறையும் என்று ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-லேயே எழுதியிருக்கிறார். மிஞ்சியது எங்கே போகிறது? பள்ளிக் கட்டணம், வைத்தியம், மோட்டார் சைக்கிள், கைபேசி, தவணைச் சாமான்கள். முதலிரண்டையும் வீண் என்று சொல்ல நாம் துணிய மாட்டோம். தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டியைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே நிற்பதை ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-வது வசனம் புகழ்கிறது. ரூபாய்க் கணக்கு எதையும் விதிக்கவில்லை. ஆகவே அந்த நடு, வீட்டுக்கு வீடு, காலத்துக்குக் காலம் நகரலாம். ஆனால் "இருக்கிறது, செலவழிக்கிறோம்" என்பதும் பதிலாகாது. ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் விரயம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸஅது (ரலி) அவர்களிடம் கூறியதாக இப்னு மாஜாவில் வருகிறது. கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பி வாழ்ந்த மானாவாரிச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. தேவைகளின் பட்டியல் நீள நீள, கொடுப்பவர் என்ற இடத்திலிருந்து நாம் நழுவி விடுகிறோம். ஓராண்டு கையில் நின்ற பணத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத். பணம் நிற்கவே விடாதவரிடம் எதில் பங்கு கேட்பது? சட்டப்படி அவர் மீது கடமையில்லை, மனச்சாட்சிப்படி?

அரிசி அருமையாயிருந்த அந்த நாளிலும், உலை வைக்குமுன் மதரஸாவுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடும் வழக்கம் நம் தாய்மார்களிடம் இருந்தது. மிஞ்சியதில் கொடுத்ததல்ல அது. சமைக்கும் முன்பே எடுத்து வைத்தது. இன்று 28 நாளுக்கொரு முறை கைபேசிக்குத் தவறாமல் பணம் கட்டுகிறோம். பிடி அரிசிக்கு அப்படியொரு நாள் கணக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லை.