பாதி மெய்

பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியுமானால், அப்படி ஏமாற்றுகிறவன் பொய்யனா, மெய்யனா? இந்தக் கேள்வியைப் பெரிய நூல்களிலே படித்திருக்கிறேன். ஆனால் அது என் நெஞ்சில் தைத்தது 2004-ஆம் ஆண்டில், மேலப்பாளையத்தில், ஒரு நண்பர் வீட்டு முன்னறையில்தான்.

நண்பர் நெசவாளி. திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து சுலோசனா முதலியார் பாலத்தைக் கடந்து, கொக்கிரகுளம் வழியாக அவர் தெருவுக்குப் போகும்போது, முன்பெல்லாம் தறிச் சத்தமே எனக்கு வழி சொல்லும். அன்று அது இல்லை. அவருடைய தறி நின்று பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பதிலாக வேறொரு முழக்கம் வாசலிலேயே என்னை வரவேற்றது. துபாயில் மின்சாரச் சாமான் கடை ஒன்றில் விற்பனையாளராக வேலை பார்க்கும் அவர் மகன் விடுமுறையில் வந்திருந்தான். வந்தவன் 'ஹோம் தியேட்டர்' ஒன்றை வாங்கி வைத்திருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. வீட்டுக்குள்ளேயே கொட்டகை கட்டிட்டான் உங்க மருமகன்" என்றார் நண்பர்.

பையன் கெட்டிக்காரன். பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் சொன்னான். '5.1' என்றால் என்ன என்று கேட்டேன். முன்னால் இடம், வலம், நடு என மூன்று ஒலிபெருக்கிகள், பின்னால் இரண்டு, ஆக ஐந்து. ஆறாவது, இடி, வெடி போன்ற அடித்தொனிக்கு மட்டும். மற்றவை விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை ஒலிக்க, இந்த ஆறாவது பாதை 120 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. அதனால் அதை ஒன்று என்று எண்ணாமல் 'புள்ளி ஒன்று' என்கிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஆறு என்று போட்டுக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தன் குறையையும் சேர்த்துச் சொல்லும் சொல் உலகத்தில் அபூர்வம்.

துபாயிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலப் பட டிவிடி ஒன்றைப் போட்டான். பெட்டி ஏற்க மறுத்துவிட்டது. உறையின் பின்புறத்தில் பூகோள உருண்டைக்குள் 2 என்று ஓர் எண் இருந்தது. படக் கம்பெனிக்காரர்கள் வியாபாரத்துக்காக உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பங்கு போட்டிருக்கிறார்களாம். வளைகுடா நாடுகள் இரண்டாவது மண்டலம், இந்தியா ஐந்தாவது. அங்கே காசு கொடுத்து வாங்கியது இங்கே வாய் திறக்காது. தடை பொல்லாததாக இருக்கலாம். ஆனால் எண்ணைப் போட்டுச் சொல்லித்தான் தடுக்கிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

பிறகு ஒரு தமிழ்ப் படம் ஓடியது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. "பாதித் திரைக்குத்தான் காசு கொடுத்தியால?" என்றார் தகப்பனார். பையன் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினான். பட்டை மறைந்து படம் திரை முழுதும் நிறைந்தது. ஆனால் ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த கதாநாயகியைக் காணவில்லை! சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு. அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் திரையோ மூன்று பங்கு உயரத்துக்கு நான்கு பங்கு அகலம். பட்டையோடு பார்த்தால் படம் முழுசு. நிறைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பதுக்குமேல் வெட்டு. குறையாகத் தோன்றியது நிறைவு. நிறைவாகத் தோன்றியது குறை. வாழ்க்கையிலும் எத்தனையோ இடங்களில் நாம் இந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் மகிழ்கிறோம்.

கடைசியில் பெட்டியின்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருந்ததைக் கேட்டேன்: '5000 வாட் பி.எம்.பி.ஓ.'

பையன் சற்றுத் தயங்கினான். "அது கணக்குல சேராது மாமா. ஒரு கணப்பொழுதுக்கு உச்சத்துல எவ்வளவு வரலாம்னு கம்பெனிக்காரன் போட்டுக்கிடுதது. நிசமா நின்னு ஒலிக்கிறது ஆர்.எம்.எஸ்.னு வேற இருக்கு."

பெட்டியின் பின்புறத்தைத் திருப்பினோம். மின்சாரச் செலவு 60 வாட் என்று பொடி எழுத்தில் இருந்தது. தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியே அதைவிட அதிகம் குடிக்கும்! உண்மையில் 5000 வாட் இழுத்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர் ஓடவேண்டும். அது செருகியிருந்ததோ 5 ஆம்பியர் பிளக். இந்த உச்சக் கணக்கை எப்படிப் போடுவது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி ஒன்றும் கிடையாது. அவரவர் துணிச்சலே அளவுகோல்.

"அப்ப கடையில கேக்குறவங்ககிட்ட நீ எதைச் சொல்லுதே?" என்றார் நண்பர்.

"அட்டையில உள்ளதைத்தான் வாப்பா. அவன் எழுதியிருக்கான், நான் வாசிச்சுக் காட்டுதேன். இதுல பொய் எங்க இருக்கு?"

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, என் பக்கம் பார்த்துக்கொண்டு, ஆனால் மகனுக்காகவே சொன்னார்.

நூலுக்கு நம்பர் உண்டு. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுதான் நம்பர். 60 சிட்டம் நின்றால் 60-ஆம் நம்பர். 40 நின்றால் 40. நம்பர் ஏற ஏற நூல் சன்னம். தராசும் கெஜக்கோலும் இருந்தால் யாரும் சோதித்துக்கொள்ளலாம். அவர் வாலிபராக இருந்தபோது ஒரு முதலாளி பாவுக்கு அறுபதும் ஊடைக்கு நாற்பதும் கொடுத்துச் சாரம் நெய்யச் சொன்னார். துணியில் '60' என்று முத்திரை விழுந்தது.

"பாவு அறுபதுதானே அண்ணாச்சி, முத்திரை பொய்யில்லையே? குத்தினவரு முதலாளி, நான் நெய்தவன்தானேன்னு நெனைச்சேன். ஒருநாள் பஸ்ஸுல ஒரு கிழவர் அந்தச் சாரத்தைக் கட்டிட்டு எம்பக்கத்துல உக்காந்திருந்தார். 'மேலப்பாளையத்து அறுபது, நம்பி வாங்கலாம்'னு எங்கிட்டயே சொன்னார். எனக்கு இறங்கி ஓடிரணும்போல இருந்துது."

பையன் தலை குனிந்திருந்தான்.

அந்தக் கிழவர் நம்பியது முத்திரையை மாத்திரமல்ல; ஊரை. எத்தனையோ தறிகள் உழைத்துச் சம்பாதித்த பெயரை ஒரு பாதி மெய் அரித்துவிட்டது. வாய்மைக்கு இலக்கணம் வகுக்க வந்த வள்ளுவர், சொன்னது நடந்ததை ஒத்திருக்கிறதா என்று கேட்கவில்லை. பிறருக்குத் தீமை இல்லாமல் இருக்கிறதா என்றே கேட்டார். அதன் ஆழம் அன்றுதான் எனக்கு விளங்கியது. கேட்பவன் தவறாகப் புரிந்துகொள்வான் என்று தெரிந்து, அதையே விரும்பி ஒரு மெய்யைச் சொன்னால், அது மெய்யின் உடை தரித்த பொய்தான். வாங்குகிறவன் கலைச்சொற்களைக் கற்றுக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்லுவார்கள். கற்றுக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் கற்காதவனை ஏமாற்றுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

அதே பெட்டியில் 'டால்பி' என்ற பெயரும் இருந்தது. அந்த ரே டால்பி 1963-லிருந்து இரண்டு ஆண்டுகள் நம் நாட்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக இருந்தவர்; 1965-ல் லண்டனில் தம் ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். அவர் முதலில் புகழ் பெற்றது சத்தத்தைப் பெருக்கியதற்காக அல்ல, ஒலிநாடாவின் இரைச்சலைக் குறைத்ததற்காக. அப்படிப்பட்ட பெயருக்குப் பக்கத்திலேயே ஐயாயிரம் வாட் என்ற இரைச்சல்!

பிறரைப்பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். என் கதை ஒன்றை ஒரு பத்திரிகை 'உண்மைக் கதை' என்று விளம்பரம் செய்தபோது நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கதையில் ஒரு சம்பவம் உண்மை, பாவு அறுபது! மற்றதெல்லாம் கற்பனை. அச்சிட்டது அவர்கள், எழுதியவன்தானே நான் என்று எனக்கும் சமாதானம் இருந்தது.

இன்று டிவிடிக்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பெட்டிகளின்மேல் புதிய சொற்கள் வந்துவிட்டன, இன்னும் வரும். அவற்றை எதிர்கொள்ள எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது: முன்புறத்தைப் படித்ததும் பின்புறத்தையும் திருப்பிப் பார்ப்பது. நாமே ஒன்றைப் பிறருக்கு விற்கும்போது, அவர்கள் கேட்குமுன் நாமே திருப்பிக் காட்டுவது. இரண்டாவதுதான் கஷ்டம்.